சுத்தமான டவுன்

தலைவர் கடைக்குப் போனால் பொருள் வாங்க மாட்டார், தேர்வு செய்வார். மற்றவர்கள் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள். அவர் கடைக்காரரையே ஒடித்துப் பார்ப்பார்.

நகராட்சித் தண்ணீர் வரி அலுவலகத்தில் அவர் கண்காணிப்பாளர். அங்கே 'சார்' என்பார்கள். வீட்டில் 'என்னங்க'. ஆனால் 'தலைவரே' என்று கூப்பிட்டால்தான் அவர் முழு உடம்போடு திரும்புவார். அவர் தலைமை தாங்கியது உயிர்நேயச் சங்கம். எந்த உயிரின் எந்தப் பகுதியையும் உண்ணவும் கூடாது, உடுத்தவும் கூடாது என்பது சங்கத்தின் கொள்கை. உண்ணாமல் இருப்பது எளிது. தெருவில் முழங்கால் அளவு பனி கிடக்கிற ஊரில் உடுத்தாமல் இருப்பதுதான் பெரும்பாடு. கம்பளி ஆட்டுடையது, தோல் மாட்டுடையது, பட்டு புழுவுடையது, தொப்பியின் உரோமம் முயலுடையது என்று ஒவ்வொன்றாகக் கழித்தால் கடைசியில் மிஞ்சுவது நைலான். உறுப்பினர்களுக்கு அடையாள அட்டை அச்சடிக்கலாம் என்று ஒருமுறை பேச்சு வந்தது. எதற்கு வீண் செலவு, உதட்டு நீலமே போதுமே என்று விட்டுவிட்டார்கள்.

தலைவரின் மனைவிக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. காலையில் முதல் ஆளாகப் போய்க் கதவைத் திறக்க வேண்டியவள். அவளிடம் ஒரு காலத்தில் பழுப்பு நிறக் கம்பளிக் கோட்டு ஒன்று இருந்தது. கல்யாணத்தின்போது அக்கா வாங்கித் தந்தது. தலைவர் தலைவரான வருடம் அதை வெள்ள நிவாரணத்துக்குக் கொடுத்துவிட்டார். கொடுக்கிற படம் சங்கத்தின் ஆண்டு மலரில் வந்தது. படத்தில் அவர் சிரிக்கிறார். ஓரத்தில், கோட்டின் கைப்பகுதியை இன்னும் விடாமல் பிடித்திருக்கும் ஒரு கை மட்டும் தெரியும். அது அவளுடையது.

அதற்குப் பிறகு அவள் இரண்டு நைலான் ஸ்வெட்டர்களை ஒன்றன் மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றாள். "பல் டாக்டர்கிட்ட வேலை பார்க்கிறவங்க பல்லே இப்படித் தந்தி அடிக்குதேம்மா," என்று பஸ் டிரைவர் கேட்காத நாள் இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் வீட்டு பட்ஜெட்டில் இரண்டு கோட்டுகளுக்கு இடம் இருந்தது. பிறகு ஹீட்டர் பழுதானது. ஒரு கோட்டை ஹீட்டர் தின்றுவிட்டது. மீதி ஒன்று.

தலைவர் சாப்பாட்டு மேசையில் ஆலோசனைக் கூட்டம் கூட்டினார். வந்திருந்தவர்கள் அவரும் அவளும்.

"தேவை யாருக்கு அதிகம்கிறதுதான் இப்ப கேள்வி," என்று தொடங்கினார்.

"இதுல கேள்வி எங்க வந்துச்சு? நான் பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன். நீங்க கார்ல போறீங்க."

"நீ நிக்கிறதை யார் பார்க்கிறாங்க?"

"குளிர் பார்க்குது."

"விளையாடாதே. இந்த வருஷம் ஆண்டுக் கூட்டத்துக்கு மேலிடத்துப் பிரதிநிதி வர்றார். மண்டலத் தலைவர் யாருன்னு மேடையிலயே அறிவிக்கப் போறார். ஒண்ணு நான், இல்லேன்னா அந்தச் செயலாளர். போன வருஷம் மாதிரி நான் வெடவெடன்னு நடுங்கிட்டு நின்னா என்ன ஆகும்?"

"போன வருஷம் நடுங்கினதாலதானே கைதட்டு விழுந்துச்சு?"

அது உண்மை. ஆண்டுக் கூட்டம் எப்போதும் நூலகத்துக்கு முன்னால் திறந்த வெளியில்தான் நடக்கும். விலங்குகளும் பறவைகளும் வெட்டவெளியில் கிடக்கும்போது நாம் மட்டும் கூரைக்குள் இருப்பதா என்பது தலைவரின் வாதம். போன வருடம் பனிக்காற்றில் அவருடைய குரல் நடுங்கியது, கண்ணிலிருந்து நீர் வழிந்தது, 'வாயில்லா ஜீவன்கள்' என்று சொல்லி முடிப்பதற்குள் மூச்சு பலமுறை அறுந்தது. முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. தலைவர் கருணையால் உருகுகிறார் என்று ஊர் நினைத்தது. உருகினால்தான் பரவாயில்லையே, அவர் உறைந்துகொண்டிருந்தார்.

"ஒரு தடவை நடுங்கினா உருக்கம். ஒவ்வொரு தடவையும் நடுங்கினா வியாதி," என்றார். "மண்டலத் தலைவர்னா கம்பீரம் வேணும்."

முடிவு ஒருமனதாக எடுக்கப்பட்டது. அந்த ஒரு மனம் அவருடையது. அவருடைய பழைய கோட்டு அவளுக்கு என்று பெருந்தன்மையாக அறிவித்தார். அதன் ஜிப் நெஞ்சு வரை ஏறும். அதற்கு மேல் ஏற அதற்கும் ஏதோ கொள்கை தடையாக இருந்தது.

கடைத்தெருக் கோடியில் இருந்த துணிக்கடை வாசலில், கடைக்காரர் தன் கையாலேயே கொட்டை எழுத்தில் எழுதிய அட்டை தொங்கியது: 'டவுன் கோட் வந்துவிட்டது.'

தலைவர் நின்று படித்தார். அவருக்குத் தெரியாத விஷயம் எதிரில் வந்தால் அவர் கேட்கமாட்டார், விளக்கிவிடுவார்.

"பார்த்தியா, டவுன் கோட்டு. மலையேறுறவனுக்கு ஒரு கோட்டு, தோட்டத்துல வேலை செய்யறவனுக்கு ஒரு கோட்டு, டவுன்ல குடியிருக்கிறவனுக்கு ஒரு கோட்டு. தனித்தனியா யோசிச்சுப் பண்ணியிருக்கான்."

"விலை டவுனாயிடுச்சுன்னு போட்டிருக்காங்களோ என்னவோ."

"உனக்கு எப்பப் பார்த்தாலும் விலைதான்."

கடைக்காரர் ஓடி வந்தார். வந்தவர் சொல்வதை மறுத்துப் பேசினால் வந்தவர் போய்விடுவார் என்பதைத் தவிர வேறு வியாபார ரகசியம் எதுவும் அவரிடம் இல்லை. தலைவர் கோட்டைக் கையில் வாங்கி விசாரணையைத் தொடங்கினார்.

"இதுல தோல் இருக்கா?"

"ஒரு துண்டு கிடையாது சார்."

"கம்பளி?"

"ஒரு இழை கிடையாது."

"பட்டு?"

"கோட்டுல போய் யார் சார் பட்டு வைப்பாங்க?"

"உரோமம்?"

"போன வருஷ மாடல்ல காலர்ல இருந்துச்சு. இப்ப எடுத்துட்டான்."

தலைவர் நான்கு விரல்களை மடக்கினார். கொள்கை அத்தோடு முடிந்தது. ஐந்தாவது விரலுக்கும் வேலை இருக்கும் என்று சங்கத்தில் யாரும் அதுவரை யோசித்ததில்லை.

"டவுன் கோட்டுன்னு சொல்லிட்டு வேற எதையாவது தள்ளிவிட்டுட மாட்டீங்களே?"

"சுத்தமான டவுன் சார். கலப்படம் நம்ம கடையில கிடையாது."

"நானும் சுத்தமான டவுன்தான். பிறந்தது, படிச்சது எல்லாமே டவுன்."

கடைக்காரருக்கு இது விளங்கவில்லை. விளங்காதவற்றுக்கென்றே அவரிடம் ஒரு சிரிப்பு இருந்தது. அதைச் சிரித்தார்.

மனைவி கோட்டைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே தைத்திருந்த கம்பெனித் துணியில் இருந்தது யாருக்கும் படிக்கத் தெரியாத ஏதோ ஒரு தேசத்து எழுத்து. பக்கத்தில் கடைக்காரர் எழுதிக் கட்டிய சீட்டு.

"தொண்ணூறு சதவீதம் டவுன்னு எழுதியிருக்கே. விலையா?"

"விலையில்லம்மா. அவ்வளவு விலை குறைச்சா நான் கோட்டைப் போட்டுக்கிட்டு நடுத்தெருவுல நிக்கணும். அது உள்ளே இருக்கிற..."

"நான் சொல்றேன்," என்று தலைவர் குறுக்கே புகுந்தார். "ஒரு மனுஷன் தொண்ணூறு சதவீதம் டவுன்லதான் இருக்கான். மிச்சம் பத்து சதவீதம் வெளியூர். அதுக்குத் தக்கபடி தைச்சிருக்கான். அப்படித்தானே?"

கடைக்காரர் ஒரு கணம் யோசித்தார். கல்லாப்பெட்டி இருந்த பக்கம் பார்த்தார். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார்.

இதற்குள் அவள் அடுத்த வரிசையில் தொங்கிய பழுப்பு நிறக் கம்பளிக் கோட்டு ஒன்றின் அருகே போயிருந்தாள். டவுன் கோட்டில் பாதி விலைதான். அதன் கைப்பகுதியைத் தடவிப் பார்த்தாள்.

"அதைத் தொடாதே! ஆடு!"

"கொன்ன ஆடு இல்லைங்க, முடி வெட்டின ஆடு. நீங்களும்தான் போன வாரம் முடி வெட்டிக்கிட்டீங்க."

"நான் சம்மதிச்சு வெட்டிக்கிட்டேன்," என்றார் தலைவர்.

டவுன் கோட்டுக்குள் கையை நுழைத்ததும் யாரோ பின்னாலிருந்து அன்பாகக் கட்டிக்கொண்டது போல இருந்தது அவருக்கு. கடையை விட்டு வெளியே வந்தார். காற்று வந்து முட்டியது. அவமானப்பட்டுத் திரும்பிப் போனது. பல வருடங்களாக அவர் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த தன் பற்களின் சத்தம் நின்றுபோய் ஊர் அமைதியாக இருந்தது.

"எந்த உயிரையும் வருத்தாத கோட்டுல இருக்கிற சூடே தனிதான்," என்றார்.

மனைவி பழைய கோட்டின் ஜிப்போடு போராடிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் தலைவரின் குரல் பதிவு வந்தது. கோட்டு தேர்வு செய்வது எப்படி, தேவை என்பது என்ன, ஆசை என்பது என்ன என்றெல்லாம் விளக்கிவிட்டு, 'நேரில் சோதித்துவிட்டேன், கொள்கைக்கு உகந்தது டவுன் கோட்டு ஒன்றே' என்று முடித்திருந்தார். உறுப்பினர்கள் அதற்காகவே காத்திருந்தவர்கள் போலக் கிளம்பினார்கள். கடனை உடனை வாங்கிக்கூட வாங்கினார்கள். செயலாளர் எல்லோருக்கும் முந்திக்கொண்டு போய், தலைவருடையதைவிட ஒரு பை அதிகமாக உள்ள கருநீலக் கோட்டை வாங்கினார். கூட்டத்துக்கு முன்பாகவே கடையில் சரக்கு தீர்ந்தது. ஊரில் நீல உதடுகள் சிவந்தன.

கூட்டத்தன்று காலை, மனைவி தலைவரின் கோட்டைத் தூசி தட்டினாள். தோள் தையலிலிருந்து வெள்ளையாக ஏதோ தலையை நீட்டியது. இழுத்தாள், வந்தது. அது வந்த வழியாக அதன் தம்பி போல் இன்னொன்று எட்டிப் பார்த்தது.

"என்னங்க, உங்க டவுனுக்கு இறக்கை முளைச்சிருக்கு."

தலைவர் வாங்கிப் பார்த்தார். "பஞ்சு."

"பஞ்சுக்கு நடுவுல காம்பு இருக்குமா?"

பேச்சை வளர்க்காமல் அவள் கடைக்காரருக்குப் போன் போட்டு, தலைவருக்கும் கேட்கும்படி மேசை மேல் வைத்தாள்.

"அண்ணே, டவுன்னா என்ன?"

"வாத்துத் தூவிம்மா. வயித்துப் பக்கம் மெத்துமெத்துன்னு இருக்கும் பாருங்க, அது. இங்கிலீஷ்ல அதுக்கு டவுன்னு பேரு. ஏன், சூடு பத்தலையா?"

தலைவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு ஏன்யா சொல்லலை?"

"நீங்கதான் என்னையே பேச விடாம எடுத்து விளக்கினீங்களே சார். எல்லாம் தெரிஞ்சவர்னு நினைச்சேன்."

"ஒரு கோட்டுக்கு... எத்தனை வாத்து?"

"எண்ணினதில்லை சார். ஒரு குளம்னு வச்சுக்குங்களேன்."

போன் அடங்கியது. தலைவர் ஜன்னல் வழியே பார்த்தார். பனி விழுந்துகொண்டிருந்தது. மண்டலத் தலைவர் பதவியும் அந்தப் பனிக்குள் எங்கோ நின்றுகொண்டிருந்தது.

மனைவி தன் மேல் இருந்த பழைய கோட்டைத் தொட்டுக் காட்டினாள். "இதைக் கழட்டித் தரவா? இதுல ஒரு ஈ, எறும்புகூடக் கிடையாது."

அவர் நெஞ்சோடு நின்றுபோன அந்த ஜிப்பைப் பார்த்தார். வெளியே பார்த்தார். மறுபடி ஜிப்பைப் பார்த்தார்.

"வேண்டாம்," என்றார் கனிவாக. "உனக்குக் குளிரும்."

கல்யாணமாகி இத்தனை வருடங்களில் அவளுக்குக் குளிரும் என்பது அவருக்குத் தோன்றியது அதுவே முதல் தடவை.

அவள் ஊசி நூலை எடுத்து, எட்டிப் பார்த்த இறகை ஊசி முனையால் உள்ளே தள்ளினாள். "உள்ளே போ தம்பி. அவர் மண்டலத் தலைவர் ஆகிற வரைக்கும் தலையைக் காட்டாதே," என்று சொல்லிக்கொண்டே இரண்டு தையல் போட்டாள். நேரம் இல்லாததால் இரண்டோடு நிறுத்திவிட்டாள்.

நூலகத்துக்கு முன்னால் மேடை. முன்னால் வரிசை வரிசையாக டவுன் கோட்டுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு உறுப்பினர் ஊதிப்போய் உட்கார்ந்திருந்தார். மேடையில் தலைவர், செயலாளர், பொருளாளர். நடுநாற்காலியில் மேலிடத்துப் பிரதிநிதி. அவர் மேல் மட்டும் மெல்லிய நைலான் கோட்டு. மேலிடத்துக்கு இன்னும் டவுன் எட்டவில்லை. அவர் உதடு நல்ல நீலமாக இருந்தது.

தலைவர் பேசினார். சரியாகப் பேசினார், திக்காமல் பேசினார். அதுதான் சிக்கல். குரல் நடுங்கவில்லை. கண் கலங்கவில்லை. கழுத்தில் லேசாக வியர்த்தது. 'வாயில்லா ஜீவன்கள்' என்பதைத் தண்ணீர் வரி பாக்கியைச் சொல்வது போல ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனார்.

"போன வருஷம் மாதிரி உருக்கம் இல்லையே," என்று முன்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

"வசதி வந்துட்டா அப்படித்தான்," என்றார் அவர்.

பிரதிநிதியின் பார்வை செயலாளர் பக்கம் நகர்ந்தது. அதைத் தலைவர் கவனித்தார். விட்டதைப் பிடிக்க, "வானத்துப் பறவையைப் பாருங்கள்!" என்று முழங்கி, வலது கையை வீசி மேலே தூக்கினார். இரண்டு தையலும் அந்த வேகத்துக்குத் தாங்கவில்லை.

ஒரு வெள்ளை இறகு வெளியே வந்தது. அவசரமில்லாமல் மேலே ஏறி, மைக்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு, செயலாளரின் மூக்கு நேராக இறங்கியது. செயலாளர் அதை இரண்டு விரல்களால் பிடித்தார். பல வருடம் துணைப் பதவியில் இருந்தவருக்கு வாய்ப்பு என்றால் என்னவென்று தெரியும்.

"தலைவரே, ஒரு நிமிஷம்," என்று மைக் அருகே வந்தார். "இது என்ன? இது இறகு இல்லையா? உங்க தோள்ல இருந்து வந்ததை நான் என் கண்ணால பார்த்தேன். உயிர்நேய மேடையில நிக்கிறவர் உடம்புல பறவையோட இறகா?"

தலைவருக்கு முதலில் முழங்கால் ஆடியது. பிறகு கை. பிறகு குரல்.

"நண்பர்களே... வா... வாயில்லா... ஜீ..." அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. "இதுதான்யா நம்ம தலைவர்," என்றார் வசதியைப் பற்றிச் சொன்னவர்.

அந்தச் சொல் கொடுத்த தெம்பில் தலைவர் ஒருவாறு நிமிர்ந்தார். "செ... செயலாளர் சொல்றதை நான் மறுக்கலை. என் கோட்டு எந்தக் கடையோ, அவர் கோட்டும் அதே கடை. உங்க எல்லார் கோட்டும் அதே கடை. இது இறகுன்னா, இங்க இருக்கிற நாம எல்லாருமே..." வாக்கியத்தை முடிக்க அவருக்கு வாய் வரவில்லை. "சந்தேகம் உள்ளவங்க கோட்டைக் கழட்டி மேடையில வச்சிடலாம். முதல்ல செயலாளர் வைக்கட்டும். நான் பின்னாலயே வைக்கிறேன்."

இந்த நேரம் பார்த்துக் காற்று வீசியது. செயலாளரின் கை கழுத்து ஜிப் வரை போனது. அங்கேயே நின்றது. ஊரே அந்தக் கையைப் பார்த்தது. தன் முழங்கைத் தையலிலிருந்து வெள்ளையாக எட்டிப் பார்த்த ஒன்றைப் பொருளாளர் கட்டைவிரலால் மெதுவாக உள்ளே தள்ளினார். செயலாளர் ஜிப்பை இன்னும் கொஞ்சம் மேலே, தாடை வரை இழுத்து விட்டுக்கொண்டார்.

"நல்லாப் பார்த்தா," என்றார் இறகை வெளிச்சத்தில் திருப்பியபடி, "புறா இறகு மாதிரிதான் தெரியுது."

"புறாவேதான்!" என்றார் பொருளாளர். "நூலகக் கூரை முழுக்கப் புறாதானே!"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கூரையில் ஒரு புறாகூட இல்லை. அந்தக் குளிரில் வெளியே உட்கார்ந்திருக்கப் புறாக்களுக்கு என்ன தலையெழுத்தா?

"இப்பத்தான் பறந்துச்சு. நான் பார்த்தேன்," என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். நானும் பார்த்தேன், நானும் பார்த்தேன் என்று அது முன்வரிசை வரை வந்து சேர்ந்தது.

பிரதிநிதி கையைத் தேய்த்து விட்டுக்கொண்டே, "எதுக்கும் ஒரு தீர்மானம் போட்டு வச்சிடுங்க," என்றார்.

'டவுன் என்பது நகரத்தைக் குறிக்கும் சொல் என்றும், அதற்கு வேறு பொருள் இருப்பதாகச் சங்கம் அறியவில்லை என்றும் இக்கூட்டம் தீர்மானிக்கிறது.' செயலாளர் முன்மொழிந்தார். பொருளாளர் வழிமொழிந்தார். இந்தத் தடவை நிஜமாகவே ஒருமனதாக நிறைவேறியது. கூடவே, நூலகப் புறாக்களுக்குத் தினமும் தானியம் போடுவதென்றும் ஒரு தீர்மானம் போட்டார்கள். அதன் பிறகு மண்டலத் தலைவர் பெயர் அறிவிக்கப்பட்டது. செயலாளர் மற்றவர்களைவிடச் சத்தமாகக் கை தட்டினார்.

கை குலுக்கும் சாக்கில் பிரதிநிதி புது மண்டலத் தலைவரின் காதருகே குனிந்தார். "அந்தக் கடை எங்க இருக்கு? என் அளவுக்குக் கிடைக்குமா?"

சம்பள நாளுக்கு அடுத்த நாள் காலை. மண்டலத் தலைவர் கூடத்தில் டவுன் கோட்டோடு உட்கார்ந்து, மண்டலச் சுற்றுப்பயணத்தைத் திட்டமிட்டுக்கொண்டிருந்தார். ஹீட்டர் நன்றாகத்தான் வேலை செய்தது. கோட்டைக் கழற்ற அவருக்குத்தான் மனம் வரவில்லை. உள்ளறையிலிருந்து மனைவி பழுப்பு நிறக் கம்பளிக் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டு வந்தாள்.

அவர் துள்ளி எழுந்தார். "என்ன இது?"

"கோட்டு."

"எதுல செஞ்சது?"

"உல்லன்."

"மண்டலத் தலைவர் வீட்டுல உல்லனா? சங்கத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"டவுன்னா என்னன்னு கூட்டம் போட்டு முடிவு பண்ணினீங்கல்ல? அதே மாதிரி உல்லன்னா என்னன்னும் ஒரு தீர்மானம் போட்டுக்குங்க." அவள் கழுத்து வரை பொத்தான் போட்டாள். எல்லாப் பொத்தானும் போட்டபடி நின்றது. "உங்க பழைய கோட்டை நிவாரணத்துக்குக் கொடுத்துட்டேன். படம் எடுக்கணும்னாங்க, வேண்டாம்னுட்டேன்."

அவர் கொள்கை விளக்கம் தருவதற்காக வாயைத் திறந்தார்.

"அசையாதீங்க," என்றாள் அவள். நெருங்கி வந்து, அவர் மீசையில் ஒட்டியிருந்த வெள்ளைத் துணுக்கை இரண்டு விரல்களால் எடுத்து, அவர் கண்ணுக்கு நேரே காட்டினாள்.

"புறா," என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.